சத்தி ரோட்டுச் சபையும் பிஜி விடுதிப் பிள்ளைகளும்: இணையம் வழியே வாலிபர்களைத் தேடிய இரண்டு வருடம்

கோவையின் வடகிழக்கில், சத்தி ரோட்டை ஒட்டியிருக்கும் ஒரு சபையில் 2022 கிறிஸ்துமஸ் தொடங்கி 2024 கடைசி வரை நடந்ததை இங்கே எழுதி வைக்கிறேன். நான் அந்தச் சபையின் அங்கத்தினன். இணைய விளம்பரம்தான் என் பிழைப்பும் என்பதால் இந்த வேலையில் ஆரம்பத்திலிருந்தே இருந்தேன். சபையின் பெயரையோ ஆட்களின் பெயரையோ சொல்லப் போவதில்லை. எங்கள் பணம் எங்கே வீணானது, எது பலித்தது, யாருக்குத் தீங்கு செய்தோம் என்பது இதே வேலையைத் தொடங்கப் போகும் இன்னொரு சபைக்குத் தெரிய வேண்டும். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

## பின்னணி

லண்டன் மிஷன் 1830ல் கோவையில் ஊழியம் தொடங்கியது. எங்கள் சபை அவ்வளவு பழசல்ல. மில் வேலைக்கு வந்த குடும்பங்களுக்காக எழுந்த சிறிய ஆலயம். மில்கள் ஒவ்வொன்றாக மூடிய பிறகும் அந்தக் குடும்பங்கள் இங்கேயே இருக்கின்றன. அவர்களுடைய பிள்ளைகள்தான் இல்லை. படித்து முடித்ததும் பெங்களூருக்கோ சென்னைக்கோ போய்விடுகிறார்கள்.

அதே சமயம் ஆலயத்தைச் சுற்றி வேறொரு கூட்டம் வந்து நிறைந்துவிட்டது. 2010ல் டைடல் பார்க் திறந்த பிறகு சரவணம்பட்டி, கீரணத்தம், விளாங்குறிச்சி என்று ஐடி வளாகங்கள் பெருகின. வேலைக்கு வந்தவர்கள் தங்கும் பிஜி (பேயிங் கெஸ்ட்) விடுதிகள் தெருவுக்கு நான்கு. அவற்றில் தூத்துக்குடி, நெல்லை, கன்னியாகுமரி பக்கத்துப் பிள்ளைகள் ஏராளம். ஞாயிறு பள்ளியில் வசனம் ஒப்பித்து, கேரல் ரவுண்ட்ஸ் போய், பாடகர் குழுவில் நின்று வளர்ந்தவர்கள் அவர்களில் பலர் இருந்தார்கள். எங்கள் ஆலயத்தில் இருபதிலிருந்து முப்பது வயதுக்காரர்கள் உட்காரும் இடம் காலியாகக் கிடந்தபோது, அரைக் கிலோமீட்டருக்குள் அவர்கள் நிறைந்திருந்தார்கள். இது எங்கள் யாருக்கும் தெரியாது என்று சொல்ல முடியாது. தினமும் அதே பேக்கரியில்தான் நாங்களும் டீ குடித்தோம்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது யூடியூபில் நேரலை தொடங்கினோம். அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் ஆலயங்களைத் திறக்க அனுமதி கிடைத்தது. நேரலையை நிறுத்தவில்லை. ‘நாங்கள் இணையத்தில் இருக்கிறோம்’ என்ற நிம்மதியை அது கொடுத்துவிட்டது. உண்மையில் அந்த நேரலையைப் பார்த்தவர்கள் பெரும்பாலும் வெளியூரில் இருந்த எங்கள் சொந்தக்காரர்கள்.

## 2022 கிறிஸ்துமஸ் காலை

அந்த வருடம் கிறிஸ்துமஸ் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. எங்கள் பண்டிகை ஆராதனை எப்போதும் போல அதிகாலை நாலரை மணிக்குத் தொடங்கி ஏழு மணிக்கு முடிந்தது. ஒன்பதரை மணி வாக்கில் பந்தல்காரர் சீரியல் லைட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். அப்போது புது உடை உடுத்திய இரண்டு பெண்கள் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். இரவு ஷிஃப்ட் முடித்து, குளித்து, நேராக வந்திருக்கிறார்கள்.

“முடிஞ்சிருச்சுங் கண்ணு. நாலரைக்கே ஆரம்பிச்சாச்சே” என்றார் ஆலயப் பணியாளர்.

“மேப்ல ஒன்பதரைன்னு போட்டிருந்துச்சேண்ணே” என்றாள் ஒருத்தி.

பூட்டியிருந்த ஆலயக் கதவை அவர் திறந்துவிட்டார். இருவரும் கடைசி பெஞ்சில் பத்து நிமிடம் முழங்காலில் இருந்துவிட்டு, அவர் கொடுத்த கேக் துண்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அவர்கள் பெயரை யாரும் கேட்டு வைக்கவில்லை.

புத்தாண்டு முடிந்து நடந்த சபைக் கமிட்டிக் கூட்டத்தில் ஆயர் இதைச் சொன்னார். மேப்பில் அந்த நேரத்தைப் போட்டது யார் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. யாரோ ஒரு பொதுஜனம் எப்போதோ சேர்த்த விவரம் அது. எங்கள் வாசல் எங்கள் கையிலேயே இல்லை என்பது அன்றுதான் உறைத்தது.

## முதல் முயற்சி: 2023 ஜனவரி முதல் மார்ச் வரை

உடனே மேப்பைத்தான் சரிசெய்திருக்க வேண்டும். நாங்கள் அதை விட்டுவிட்டு ரீல்ஸ் எடுக்கப் போனோம். கமிட்டி 10,000 ரூபாய் ஒதுக்கியது. அந்த யோசனையைச் சொன்னவன் நான். கோபுரத்தை மேலிருந்து காட்டும் ட்ரோன் காட்சி, பாடகர் குழு, பிரசங்கத்திலிருந்து வெட்டிய முப்பது விநாடி என்று நான்கு வீடியோ செய்தோம். பிசினஸ் கணக்கில் பிரபலமான பாட்டுகளைச் சேர்க்க முடியாது என்பதால் எங்கள் பாடகர் குழுவின் கீர்த்தனை ஒன்றையே பதிவு செய்து போட்டோம். அது நன்றாகவே வந்தது.

பணம் கட்டி வீடியோவை அதிகம் பேருக்குக் காட்ட, அதாவது பூஸ்ட் செய்ய, போனபோது முதல் தடை வந்தது. கிறிஸ்தவத்தில் ஆர்வம் உள்ளவர்கள் என்று தேர்ந்தெடுத்து விளம்பரம் காட்டும் வசதியை ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டா நிறுவனம் 2022 ஜனவரி 19 முதல் எடுத்துவிட்டது. மதம், உடல்நலம், அரசியல் போன்றவற்றைத் தொடும் தேர்வுகள் பல அப்போது போயின. அதனால் கோவை முழுக்க, 18 முதல் 35 வயது வரை என்று போட்டுவிட்டோம். ‘ஊரை விட்டு வந்திருக்கும் கிறிஸ்தவ வாலிபரா நீங்கள்?’ என்று எழுதிய விளம்பரம் நிராகரிக்கப்பட்டது. பார்ப்பவரின் மதம் இன்னது என்று சுட்டிப் பேசும் வாசகத்தை அவர்கள் விதி அனுமதிப்பதில்லை. ‘வாருங்கள், உங்கள் வாழ்க்கை மாறும்’ என்று மாற்றி எழுதினோம். அதற்கு அனுமதி கிடைத்தது.

அதுதான் தவறாகவும் போனது. அந்த வரி எல்லா மதத்தவர் திரையிலும் போய் நின்றது. எங்கள் சபைக்குள் பேசிப் பழகிய வாக்கியம் எங்களுக்கு இயல்பாக இருந்தது. பக்கத்துத் தெருக்காரர் கண்ணுக்கு அது மதம் மாறக் கூப்பிடுவது போலத் தெரிந்தது. “எங்க ஊருல எதுக்குங்க இந்த வேலை?” என்று கமென்ட் வந்தது. எங்கள் ஆட்களே இரண்டு பேர் அங்கே போய் வாக்குவாதம் செய்தார்கள். ஆயர் அன்று இரவே அந்த விளம்பரத்தை நிறுத்தச் சொன்னார். தலைமுறைகளாக மாரியம்மன் நோன்பு சாட்டினால் எங்கள் தெருக்காரர்களும் கூட நின்று வேலை பார்க்கிற, எங்கள் பண்டிகைக்கு அவர்கள் வீட்டுக்கும் பலகாரம் போகிற ஊர் இது. ஒரு விளம்பரத்துக்காக அதைக் கெடுத்துக்கொள்ள முடியாது என்றார். அவர் சொன்னதே சரி.

மற்ற மூன்று வீடியோக்களுக்கு நிறைய பார்வைகள் வந்தன. ‘ஆமென்’ கமென்ட்கள் குவிந்தன. ஃபாலோயர்ஸ் கூடினார்கள். யார் என்று பார்த்தால் சென்னை, தூத்துக்குடி, வளைகுடா. ஏப்ரல் 9 ஈஸ்டர் வரை ஒவ்வொரு ஞாயிறும் வாசலில் நின்று புதுமுகங்களை விசாரித்தோம். வீடியோ பார்த்து வந்தேன் என்று சொன்னவர் ஒருவரும் இல்லை. ஒதுக்கிய பணம், அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, எல்லாம் தீர்ந்தது.

## கேட்கப் போனது

ஈஸ்டருக்குப் பிறகு ஆயர் ஒரு காரியம் சொன்னார். “இனி ஒரு மாசம் எதுவும் போட வேண்டாம். போய்க் கேட்டுட்டு வாங்க.”

நானும் வாலிபர் ஐக்கியத்தில் மிச்சமிருந்த மூன்று பேரும் போனோம். ஆண்களிடம் ஆண்கள், பெண்களிடம் பெண்கள். பேக்கரி பெஞ்சிலும் பிஜி மாடிப்படியிலும் உட்கார்ந்து மொத்தம் பதினோரு பேரிடம் பேசினோம். இதற்குச் செலவு டீயும் பப்ஸும். இந்த இரண்டு வருடத்தில் செய்ததிலேயே உருப்படியான வேலை இது என்று எனக்குத் தோன்றுகிறது.

அவர்கள் சொன்னதில் விசுவாசத்தைப் பற்றிய சந்தேகங்கள் குறைவு. பெரும்பாலும் சின்னச் சின்ன விவரங்கள். ஆராதனை தமிழிலா ஆங்கிலத்திலா? முக்கால் மணி நேரமா, இரண்டரை மணி நேரமா? மேப் காட்டும் இடத்துக்கு வந்தால் பின் சந்துதான் வருகிறது, வாசல் எங்கே? ஞாயிறு காலை என்பது வாரத்துக்கு ஒருமுறை தூங்குவதற்கும் துணி துவைப்பதற்கும் உள்ள நேரம். ஒன்பதரைக்குள் போகாவிட்டால் பிஜியில் டிபன் முடிந்துவிடும். தனியாக வந்தால் யார் பக்கத்தில் உட்காருவது?

ஒருவர் சொன்னது மட்டும் வேறு மாதிரி இருந்தது. நெல்லைப் பக்கத்துப் பையன், ஐடியில் இரண்டாவது வருடம். “ஊர் பேரோட நிறுத்த மாட்டாங்கண்ணா. எந்த ஊரு, யாரு பிள்ளை, எந்தத் தெருன்னு கேப்பாங்க. அந்த மூணாவது கேள்வி எதுக்குன்னு எங்களுக்குத் தெரியும்” என்றார். இன்னும் நான்கு பேர் இதையே வேறு வார்த்தையில் சொன்னார்கள். சாதியை விசாரிக்கத்தான் அந்தத் தெருவைக் கேட்பது. எங்கள் ஆலயத்தில் அப்படிக் கேட்பவர்கள் உண்டு. அவர்கள் அப்படி விசாரிப்பது என் காதிலேயே விழுந்திருக்கிறது, சும்மா இருந்திருக்கிறேன். எந்த ரீல்ஸும் இதைச் சரிசெய்யாது.

## இரண்டாவது முயற்சி: எடுத்த முடிவுகளும் காரணங்களும்

2023 மே மாதக் கமிட்டியில் நீண்ட விவாதம் நடந்தது. முதலில் மேப். மேப்பில் இருந்த எங்கள் ஆலயத்தின் பதிவுக்கு உரிமை கோரி, சரிபார்ப்பை முடித்து, குறியைப் பின் சந்திலிருந்து முன் வாசலுக்கு நகர்த்தினோம். ரோட்டிலிருந்து பார்த்தால் வாசல் எப்படித் தெரியுமோ அந்தக் கோணத்தில், பக்கத்துப் பேக்கரியும் தெரியும்படி ஒரு படம் போட்டோம். ஆராதனை மொழி, எவ்வளவு நேரம், வண்டி நிறுத்த இடம் எல்லாம் எழுதினோம். பண்டிகை நாட்களுக்குத் தனி நேரம் குறிக்கும் வசதி அதிலேயே இருக்கிறது. அதற்கு ஒருவரைப் பொறுப்பாக்கினோம்.

அடுத்து, மாதத்தில் இரண்டாம், நான்காம் ஞாயிறு மாலை 6 மணிக்கு ஒரு மணி நேர ஆராதனை, பிறகு இரவுச் சாப்பாடு. மாலை நேரத்துக்குக் கமிட்டியில் எதிர்ப்பு இருந்தது. காலை ஆராதனைக்குக் கூட்டம் குறையும் என்றார்கள். ஆறு மாதம் பார்த்துவிட்டு முடிவு செய்வோம் என்று ஆயர் சமாதானம் சொன்னார்.

விளம்பரத்தில் ஒரே வாசகம் வைத்தோம்: ‘தமிழ் ஆராதனை. ஞாயிறு மாலை 6 மணி. ஒரு மணி நேரம். அப்புறம் சாப்பாடு.’ வாக்குறுதி எதுவும் இல்லை. தேடுகிறவருக்குப் புரியும், தேடாதவரைச் சீண்டாது. ஆலயத்தைச் சுற்றிச் சில கிலோமீட்டர் மட்டும் காட்டும்படி வைத்ததால் செலவும் சிறிது. அதனுடன் ஒரே ஒரு வீடியோ: பஸ் ஸ்டாப்பில் இறங்கி, பேக்கரியைத் தாண்டி, வாசல் வழியாகக் கடைசி பெஞ்ச் வரை நடந்து போவது. பேச்சே இல்லை. ஒரு பெண் பிள்ளை செல்போனில் எடுத்தது.

வாட்ஸ்அப்பில் முதலில் குரூப் தொடங்கினோம். இரண்டே வாரத்தில் கலைத்தோம். குரூப்பில் எல்லாருடைய எண்ணும் எல்லாருக்கும் தெரியும். பெண்களுக்கு முன்பின் தெரியாத எண்களிலிருந்து ‘ஹாய்’ வரத் தொடங்கிவிட்டது. அதற்குப் பதில் சபைக்கென்று ஒரு எண், அதற்குப் பதில் சொல்ல ஒரு ஆணும் ஒரு பெண்ணும், வரும் செய்தியை இருவரும் பார்க்கும்படி வைத்தோம். தகவலை, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போய்ச் சேரும் பிராட்காஸ்ட்டாக அனுப்பினோம். நம் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்குத்தான் பிராட்காஸ்ட் போய்ச் சேரும். எனவே வேண்டாதவர் எண்ணை அழித்துவிட்டால் போதும், யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியாக, அந்த மூன்றாவது கேள்வி. ஆயர் இதைப் பிரசங்கத்தில் சொல்லாமல், வரவேற்கும் குழுவை வீட்டுக்கு அழைத்துப் பேசினார். பதினோரு பேர் சொன்னதைப் பெயரில்லாமல் வாசித்துக் காட்டினார். அறை கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. “சாப்பிட்டியா கண்ணு, எங்க தங்கியிருக்கே, இதுக்கு மேல கேக்கக் கூடாது. அவ்வளவுதானே?” என்றார் ஒரு பாட்டி. அதையே விதியாக வைத்துக்கொண்டோம்.

## நடந்தது

முதல் மாலை ஆராதனைக்கு ஆறு பேர் வந்தார்கள். ஆகஸ்டில் இருபதைத் தொட்டது. எப்படித் தெரிந்தது என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக் குறித்தோம். மேப் என்றவர்களும் ரூம்மேட் கூட்டி வந்தாள் என்றவர்களும்தான் அதிகம். விளம்பரம் பார்த்து வந்தவர்களும் இருந்தார்கள், குறைவாக.

சாப்பாடு அரிசியும் பருப்பும் சாதம். பெரிய அண்டாவில் அரிசி, துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு எல்லாம் ஒன்றாக வெந்து, இறக்கும்போது நெய் விட்டு, தொட்டுக்க அப்பளமும் ஊறுகாயும். நெல்லைப் பிள்ளைகளுக்கு இது புதுசு. “சாம்பாரா சாதமா இது?” என்று கேட்டவர் இரண்டாவது முறை தட்டை நீட்டினார். சமைத்த அம்மாக்களுக்கு அன்றைக்கு வந்த சந்தோஷத்தை நான் மறக்க மாட்டேன். மாலை ஆராதனையை எதிர்த்த வீட்டிலிருந்தும் அடுத்த முறை தேங்காய் எண்ணெயில் பொரித்த அப்பளம் வந்தது.

## ஆகஸ்ட் மாதத் தவறு

நான்காம் ஞாயிறு கூட்டம் முடிந்த இரவு, நாங்கள் எடுத்த படங்களில் எட்டை இன்ஸ்டாகிராமில் போட்டோம். ஒன்றில் ஒரு பெண் கண்ணை மூடிக் கைகூப்பி நிற்கிறாள். அழகான படம். அவள் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண் அல்ல. ரூம்மேட்டோடு சும்மா வந்தவள். அது எங்களுக்குத் தெரியாது, யாரும் கேட்கவும் இல்லை.

மறுநாள் காலைக்குள் அவளுடைய மாமா ஒருவர் படத்தைப் பார்த்துவிட்டார். செவ்வாய்க்கிழமை கோபி பக்கத்திலிருந்து அவளுடைய அப்பா பிஜிக்கு வந்து, அங்கிருந்து மகளோடு ஆலயத்துக்கு வந்தார். தோட்டத்திலிருந்து அப்படியே பஸ் ஏறியவர், தோளில் துண்டு. ஆயரும் நானும் இருந்தோம். அவர் சத்தம் போடவில்லை.

“ஏனுங்க, புள்ளை உங்க பக்கம் வந்தது தப்புன்னு நான் சொல்ல வரலீங்க. அவளைக் கேக்காம படத்தைப் போட்டீங்களே, அது நாயமாங்க? ஊருக்குள்ள நாலு பேரு அதை வெச்சுட்டுச் சுத்தறாங்க.”

“நாயமில்லைங்க. தப்பு எங்க மேலதான்” என்றார் ஆயர். வேறு விளக்கம் எதுவும் சொல்லவில்லை.

படத்தை அவர் முன்னாலேயே அழித்தோம். ஆனால் ஸ்கிரீன்ஷாட்டை யாரால் அழிக்க முடியும்? அந்தப் பெண் கடைசி வரை தலை நிமிரவில்லை. அடுத்த மாதம் வேலையை விட்டு ஊருக்குப் போய்விட்டாள் என்று ரூம்மேட் சொன்னாள். எங்கள் படம்தான் காரணமா, வேறு காரணமும் உண்டா என்பதை அவளிடம் கேட்கும் உரிமை எங்களுக்கு இல்லை.

அந்த வாரமே முடிவு எடுத்தோம். வருகிறவர் முகம் தெரியும் படம் இனி கிடையாது. கைகள், பாட்டுப் புத்தகம், சாப்பாட்டு அண்டா, பின்னாலிருந்து எடுத்த கூட்டம், அவ்வளவே. பாடகர் குழு போல முகம் தெரிய வேண்டியவர்களிடம் எழுத்தில் சம்மதம், எப்போது சொன்னாலும் எடுத்துவிடும் உறுதி. மாலை ஆராதனைக்கு நேரலையும் இல்லை. அதே ஆகஸ்டில்தான் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. ஒருவரின் விவரத்தைப் பயன்படுத்த அவருடைய தெளிவான சம்மதம் வேண்டும் என்பது அதன் அடிப்படை. சட்டம் நடைமுறைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்று எண்கள் எழுதியிருந்த பதிவேட்டையும் குறைத்தோம். பெயர், எண், இரண்டு மட்டும். சொந்த ஊர் என்ற கட்டத்தை அடித்துவிட்டோம்.

படங்கள் நின்றதும் எங்கள் இன்ஸ்டாகிராம் பக்கத்தின் ரீச், அதாவது அதைப் பார்ப்பவர் எண்ணிக்கை, விழுந்தது. ஆலயத்துக்கு வருகிறவர் எண்ணிக்கை விழவில்லை.

## 2023 கிறிஸ்துமஸிலிருந்து 2024 கடைசி வரை

2023 கிறிஸ்துமஸ் திங்கட்கிழமை. நாலரை மணி ஆராதனையோடு, இரவு ஷிஃப்ட் முடித்து வருகிறவர்களுக்காகக் காலை 10 மணிக்கு இன்னொரு ஆராதனை வைத்தோம். இரண்டு நேரத்தையும் ஒரு வாரம் முன்பே மேப்பில் குறித்தோம். பத்து மணிக்கு முப்பதுக்கும் மேல் வந்தார்கள். முந்தைய வருடம் வந்த இரண்டு பெண்களை ஆலயப் பணியாளர் வாசலில் நின்று தேடினார். அவர்கள் வரவில்லை.

2024 பிப்ரவரியில் ஓர் இரவு ஒரு மணிக்குச் சபை எண்ணுக்கு ஒரு செய்தி வந்தது. வேலை போய்விட்டது, வாழப் பிடிக்கவில்லை என்று. பதில் சொல்லும் பெண் அப்போது தற்செயலாக விழித்திருந்தாள். ஆயரை எழுப்பினாள். ஆயரும் அவருடைய மனைவியும் அந்த பிஜிக்கே போனார்கள். அந்தப் பையன் நலமாக இருக்கிறான். ஆனால் எண்ணை ஊருக்கெல்லாம் கொடுத்த நாங்கள் இப்படி ஒரு செய்தி வரும் என்று யோசித்திருக்கவே இல்லை. அதன் பிறகு, இரவு பத்து மணிக்கு மேல் வரும் செய்திக்குத் தானாகப் போகும் பதிலில் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416, தமிழக அரசின் சுகாதார உதவி எண் 104 இரண்டையும் சேர்த்தோம். ஆயரின் எண்ணையும் சேர்த்தோம்.

2024 ஈஸ்டர் மார்ச் 31. அதற்குள் மாலை ஆராதனைக்கு வாடிக்கையாக இருபத்தைந்திலிருந்து முப்பது பேர். அதில் ஒரு டஜன் பேர் நிலையானவர்கள், மற்றவர்கள் வந்து போவார்கள். ஐடி வேலையில் ஆள் மாறிக்கொண்டே இருக்கும். பெங்களூருக்கு மாற்றலானவர்கள் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். நான்கு பேர் காலை ஆராதனைக்கும் வரத் தொடங்கி, இருவர் பாடகர் குழுவில் சேர்ந்தார்கள். காலைக் கூட்டம் குறையவில்லை.

## மாற்றிச் செய்ய வேண்டியவை

படத்துக்குச் சம்மதம் என்பதை முதல் நாளே வைத்திருக்க வேண்டும். என் தொழிலில் இது எனக்குத் தெரிந்த விஷயம். சபை என்றதும் எல்லாரும் நம் வீட்டுப் பிள்ளைகள் என்ற நினைப்பில் விட்டுவிட்டேன். அந்த நினைப்புக்கு விலை கொடுத்தது வேறொருத்தி.

முதல் 10,000 ரூபாயை மேப்புக்கும் டீக்கும் பஸ் ஸ்டாப் வீடியோவுக்கும் பிறகே தொட்டிருக்க வேண்டும். அப்போது ஒருவேளை தேவையே பட்டிருக்காது. இப்போது மாத விளம்பரச் செலவைவிட கேஸ் சிலிண்டர் செலவு அதிகம்.

பதில் சொல்பவர்கள் இருவர் போதாது. அந்தப் பெண் ஒன்றரை வருடத்தில் களைத்துவிட்டாள். 2024 அக்டோபரில் நான்கு பேராக்கி, வாரத்துக்கு இருவர் என்று முறை வைத்தோம். இதைத் தொடக்கத்திலேயே செய்திருக்கலாம்.

சபைக் குடும்பங்களின் மனத்தாங்கலுக்கு எங்களிடம் இன்னும் பதில் இல்லை. “வெளியூர்ப் பிள்ளைகளுக்கு இவ்வளவு பண்றீங்க. எம்மகன் பெங்களூர்ல எந்தக் கோயிலுக்குப் போறான்னு யாராச்சும் கேட்டீங்களா?” என்று ஒரு அம்மா ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து கேட்டார். உள்ளூரிலேயே கல்லூரிக்குப் போகும் எங்கள் பிள்ளைகளில் மாலை ஆராதனைக்கு வருகிறவர்கள் மூன்று பேர்தான். அவர்களுக்கு மேப் தேவையில்லை, வழி தெரியும். ஏன் வருவதில்லை என்று பிஜி பிள்ளைகளிடம் உட்கார்ந்து கேட்டது போல அவர்களிடம் இதுவரை நாங்கள் கேட்கவில்லை. அடுத்த கமிட்டிக்கு அதை எழுதிக் கொடுத்திருக்கிறேன். வெளியூர் போன பிள்ளைகளின் பெயர், ஊர்ப் பட்டியலை அந்த அம்மாவே வீடு வீடாகப் போய்ச் சேகரித்துக்கொண்டிருக்கிறார்.